யாருக்கு யார் ‘சார்’?

தமிழ்நாட்டுத் தெருக்களில் நாள்தோறும் ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களுள் தலையாயதொன்றை அறிய அகராதியைப் புரட்ட வேண்டுவதில்லை. தெருவில் நின்று காது கொடுத்தாலே போதும். பேருந்தில் ஏறினால், “சார், டிக்கெட்!” என்கிறார் நடத்துநர். “சார், கொஞ்சம் நகருங்க” என்கிறார் பக்கத்தில் நெருக்குண்டு நிற்பவர். தேநீர்க் கடையில், “சார், ஸ்ட்ராங்கா, லைட்டா?” என்று கேள்வி பிறக்கிறது. பள்ளியில், “உள்ளே வரலாமா சார்?” என்று பிஞ்சுக் குரல் கேட்கிறது. அலுவலகத்தில், “பைல் மேசையில வெச்சிருக்கேன் சார்” என்று அடங்கிய குரல் கேட்கிறது. காவல் நிலையத்தில், “நான் ஒண்ணும் பண்ணல சார்!” என்று நடுங்கும் குரல் கேட்கிறது.

இரண்டே எழுத்து. நாவுக்கு நோவில்லாத சொல். பேருந்தில் ஒலிப்பதும் அதுவே. காவல் நிலையத்தில் ஒலிப்பதும் அதுவே. ஆனால் இரண்டும் ஒரே சொல்தானா? ஒலியில் ஒன்று, பொருளிலும் ஒன்றா? பேருந்தில் அது தோளோடு தோள் உரசும் தோழமை. காவல் நிலையத்தில் அது கைகட்டி நிற்கும் அச்சம். ஒரு சொல்லுக்குள் இத்துணைப் பெரிய இடைவெளி எங்ஙனம் புகுந்தது?

“சாதாரணச் சொல்! இதற்கு ஓர் ஆராய்ச்சியா?” என்று கேட்போர் இருக்கக்கூடும். சாதாரணச் சொற்களைத்தான் ஆராய வேண்டும் என்கிறோம் நாம். பெரிய சொற்களைப் பேசும்போது மனிதன் விழிப்போடு இருக்கிறான். எண்ணி எண்ணிப் பேசுகிறான். சின்னச் சொற்களைப் பேசும்போதுதான் அவன் மனம் திறந்து கிடக்கிறது. மேடையிலே “சமத்துவம்” என்று முழங்கியவர், மேடையை விட்டு இறங்கியதும் ஓட்டுநரை எப்படி அழைக்கிறார், அதிகாரியை எப்படி அழைக்கிறார் என்று பாருங்கள். அவருடைய சமத்துவத்தின் அகல நீளம் தெரிந்துவிடும்.

கிழவனில் தொடங்கிய கதை

முதலில் இச்சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘சர்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘சயர்’ என்னும் பழைய பிரெஞ்சுச் சொல்லின் தேய்வு. அதற்கும் வேர் இலத்தீனில் இருக்கிறது: ‘செனியோர்’. பொருள்? ‘வயதில் மூத்தவர்’, அவ்வளவுதான்! நாம் அலுவலகத்தில் பேசும் ‘சீனியர்’ என்பதும் அந்த வேரில் முளைத்ததே. பிரெஞ்சுக்காரரின் ‘மொஸ்யே’, இசுப்பானியரின் ‘செஞோர்’, இத்தாலியரின் ‘சிஞோர்’ ஆகிய எல்லாமே அக்குடும்பத்துப் பிள்ளைகள். முதியோர் கூடி ஆண்ட அவைக்கு உரோமானியர் வைத்த ‘செனட்’ என்னும் பெயரும் கிழவனைக் குறிக்கும் அடிச்சொல்லிலிருந்து வந்ததே.

மூத்தவரை மதிப்பது மனித இயல்பு. அதிலே குறை காண நாம் வரவில்லை. ஆனால் வரலாறு அச்சொல்லை முதியவரிடம் விட்டுவைக்கவில்லை. நிலப்பிரபுத்துவ ஐரோப்பாவில், நிலம் வைத்திருந்தவன் ‘மூத்தவன்’ ஆனான். அவனுக்கு வயது இருபதாக இருந்தாலும் அவன் மூத்தவன். அவனுடைய வயலில் உழுது முதுகு வளைந்த எழுபது வயதுக் கிழவன் இளையவன்! வயதைக் குறித்த சொல் வாளையும் வயலையும் குறிக்கலாயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலே, இங்கிலாந்தில் ‘சர்’ என்பது வீரப் பெருமகனின் பெயருக்கு முன்னே சூட்டப்படும் பட்டமாகிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே ‘சர்’ என்னும் சொல்லைச் சற்றே திரித்து, ‘சிரா’ என்றொரு சொல்லை ஆங்கிலேயர் ஆக்கிக்கொண்டனர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் படித்தவர் அதைக் கண்டிருப்பர். வேலைக்காரனையும் சிறுவனையும் கீழோன் எனத் தாம் கருதியவனையும் விளிக்க வைத்திருந்த சொல் அது. மேலே ஏறினால் ‘சர்’. கீழே இறங்கினால் ‘சிரா’! ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரு சொற்களில் ஒன்றுக்கு அரியணை, மற்றொன்றுக்கு அடிமைச் சங்கிலி. சொல்லிலும் வருணம் வகுத்தவர் நம் நாட்டவர் மட்டுமல்லர்.

குறிலும் நெடிலும்

கப்பலேறி இங்கு வந்தபோது அச்சொல் இரண்டாகப் பிரிந்தது. தமிழர் அதனைக் குறிலாகவும் எழுதினர், நெடிலாகவும் எழுதினர். ‘சர்’ என்று குறிலில் எழுதினால் அது வெள்ளை அரசு தந்த பட்டம். பெயருக்கு முன்னே நிற்கும். சர் பிட்டி தியாகராயர், சர் ஏ. டி. பன்னீர்செல்வம், சர் சி. வி. இராமன் என்பன போல. ‘சார்’ என்று நெடிலில் எழுதினால் அது நாம் ஒருவரை விளிக்கும் சொல்; பெயருக்குப் பின்னே நிற்கும். ‘குமார் சார்’, ‘கணக்கு சார்’, ‘மேனேஜர் சார்’ என்பன போல. ஆங்கிலேயன் காதுக்கு இரண்டும் ஒன்று. தமிழன் கண்ணுக்கு இரண்டும் வேறு.

குறில் ‘சர்’ இந்நாட்டில் செத்துவிட்டது. ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டு கொதித்து, 1919ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் ‘சர்’ பட்டத்தைத் துறந்தார் இரவீந்திரநாத் தாகூர். 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்புச் சட்டமோ, தனது 18ஆவது பிரிவில், படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகள் நீங்கலாக, அரசு எவருக்கும் பட்டம் வழங்கலாகாது என்று எழுதி வைத்தது. மன்னர் வழங்கிய குறிலைச் சட்டம் ஒழித்தது. ஆனால் மக்கள் வழங்கும் நெடிலை யார் ஒழிப்பது? ஒழிக்கத்தான் வேண்டுமா? இங்கேதான் நாம் நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டும்.

அந்நியச் சொல் செய்த நன்மை

அந்நியச் சொல் என்ற ஒரே காரணத்துக்காக இதன்மீது கல்லெறிவது நம் நோக்கமன்று. நியாயமாகப் பார்த்தால், இந்தச் ‘சார்’ நம் மண்ணில் ஒரு நல்ல காரியத்தைச் செய்திருக்கிறது.

‘சார்’ வருவதற்கு முன்னே நம் ஊரில் ஒருவரை ஒருவர் எப்படி விளித்தனர்? பண்ணையில் ‘ஆண்டே’ என்றனர். மாளிகை வாசலில் ‘எசமான்’ என்றனர். அக்கிரகாரத்து எல்லையில் ‘சாமி’ என்றனர். வெள்ளைக்காரனையும் அவனைப் போல் உடுத்தியவனையும் ‘துரை’ என்றனர். விளிக்கும் வாய் எந்தச் சாதி, விளிக்கப்படும் காது எந்தச் சாதி என்று தெரிந்தாலன்றிச் சொல் பிறவாது! பெருநிலக்காரரின் பத்து வயதுப் பையன், சேரியிலிருந்து வந்த அறுபது வயது உழவரை ‘வாடா’ என்பான். அவர் அவனைச் ‘சின்ன எசமான்’ என்பார். இது கதையன்று, நம் பாட்டன்மார் வாழ்ந்த வாழ்வு.

அந்த இருட்டில், ‘சார்’ என்னும் சொல்லுக்கு ஒரு வசதி இருந்தது. அதற்குச் சாதி தெரியாது! வண்டி நிலையத்தில் முன்பின் அறியாத இருவர் சந்திக்கின்றனர். ஒருவர் சாதி மற்றவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. “சார், மதுரை வண்டி எத்தனை மணிக்கு?” “ஒன்பதரைக்கு சார்.” முடிந்தது! குலம் கேட்காமல், கோத்திரம் கேட்காமல், யார் பெரியவர் யார் சிறியவர் என்று அளக்காமல், இரண்டு மனிதர் இரண்டு மனிதராகவே பேசிக்கொள்ள அச்சொல் இடம் தந்தது. ‘அண்ணே’ என்றால் வயதை எண்ண வேண்டும்; ‘சாமி’ என்றால் சாதியை எண்ண வேண்டும்; ‘சார்’ என்றால் எதையும் எண்ண வேண்டியதில்லை.

தேநீர்க் கடையில் கவனித்துப் பாருங்கள். “என்ன சார் வேணும்?” என்கிறார் கடைக்காரர். “ஒரு டீ குடுங்க சார்” என்கிறார் வந்தவர். போன ‘சார்’ திரும்பி வருகிறது. கொடுத்தது குறையாமல் கிடைக்கிறது. இதிலே அடிமையும் இல்லை, ஆண்டையும் இல்லை. நாம் இதனை வாழ்த்துகிறோம்.

ஒருவழிப் பாதை

ஆனால் தேநீர்க் கடையிலிருந்து எழுந்து அலுவலகத்துக்குள் நுழையுங்கள். கடைநிலை ஊழியர் எழுத்தரைச் ‘சார்’ என்கிறார். எழுத்தர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். எழுத்தர் கண்காணிப்பாளரைச் ‘சார்’ என்கிறார். கண்காணிப்பாளர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கண்காணிப்பாளர் மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்ததும், ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் ஒரு ‘சார்’, வாலிலும் ஒரு ‘சார்’! ஏணியின் ஒவ்வொரு படியிலும் சொல் மேல்நோக்கி ஏறுகிறது. ஒரு படியிலேனும் அது கீழ்நோக்கி இறங்கக் காணோம். காலை முதல் மாலை வரை நூறு முறை ‘சார்’ சொல்லிவிட்டு, ஒரு முறையும் ‘சார்’ கேளாமல் வீடு திரும்பும் மனிதர் ஒவ்வோர் அலுவலகத்திலும் இருக்கிறார். கூட்டுகிறவர் அவர், கழுவுகிறவர் அவர், கோப்புச் சுமக்கிறவர் அவர்.

இங்கே தமிழ் இலக்கணமே ஒரு சாட்சி சொல்கிறது. ஆங்கிலத்தில் நீ, நீர், நீங்கள் எல்லாவற்றுக்கும் இன்று ‘யூ’ என்ற ஒரே சொல்தான். வினைச்சொல்லிலும் மரியாதைக் குறி கிடையாது. ஆகவே மரியாதையைக் காட்ட அவர்களுக்கு ஒரு தனிச்சொல் தேவைப்பட்டது. தமிழுக்கு அந்த வறுமை இல்லையே! ‘வாருங்கள்’ என்று சொன்ன அளவிலேயே மரியாதை முழுமை பெற்றுவிடுகிறது. “நீங்கள் எப்போது வந்தீர்கள்?” என்னும் வாக்கியத்தில் எந்தக் குறையும் இல்லை. அதன்மேல் ஒரு ‘சார்’ எதற்கு? முன்பின் அறியாதவரின் கவனத்தை ஈர்க்க என்றால் ஒப்புக்கொள்ளலாம். எதிரிலேயே அமர்ந்திருப்பவரிடம் வாக்கியத்துக்கு வாக்கியம் சொல்லப்படும் ‘சார்’ எதற்கு? மரியாதையை வினைச்சொல் முன்னமே செலுத்திவிட்டது. மிச்சம் செலுத்தப்படுவது கப்பம்!

அதே இலக்கணம் மற்றொன்றையும் காட்டிக் கொடுக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கச் செல்லும் ஏழை, “சார், எங்க வீட்டுல திருட்டுப் போயிடுச்சு சார்” என்கிறார். மறுமொழி எப்படி வருகிறது? “உன் பேர் என்ன? நீ எங்க இருந்த?” ஒரு பக்கம் ‘சார்’, மறு பக்கம் ‘நீ’. சில வேளைகளில் ‘டா’வும் சேர்ந்துகொள்கிறது. வரி கட்டுகிறவர் அவர். அவ்வரியில் சம்பளம் வாங்குகிறவர் இவர். ‘சார்’ எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும்? குடியாட்சி என்பதன் பொருள் தெரிந்தவர் விடை சொல்லட்டும்!

பெண்ணுக்கு என்ன சொல்?

இச்சொல்லின் இன்னொரு குறையையும் இங்கே சுட்ட வேண்டும். ‘செனியோர்’ என்றால் மூத்தவர் என்றுதானே பொருள்? மூப்பு ஆணுக்கு மட்டுமா வருகிறது? ஆயினும் ‘சார்’ ஆணுக்கே உரியதாகிவிட்டது. அலுவலகத்துக்கு அனுப்பும் கடிதங்களில் நெடுங்காலமாக ‘ஐயா’ என்றே தொடங்கப் பழகிய நாம், அந்த நாற்காலியில் ஓர் அம்மையார் அமர்ந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தோமா?

இங்கிலாந்துப் பள்ளிகளின் வழக்கம் இன்னும் நகைப்புக்குரியது. ஆண் ஆசிரியரை அங்கே ‘சர்’ என்பர். பெண் ஆசிரியரை, அவர் மணமானவராயினும் பேரக்குழந்தை எடுத்தவராயினும், ‘மிஸ்’ என்பர். அவருக்கு வீரப் பெருமகனின் பட்டம். இவருக்கு மணமாகாச் சிறுமியின் அடைமொழி! இருவரும் கற்பிப்பது ஒரே பாடம். நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றிலும் அந்தச் ‘சாரு’ம் ‘மிஸ்’ஸும் அப்படியே குடியேறியிருக்கின்றன.

கடல் கடந்த சாட்சிகள்

ஒருவழி மரியாதை என்னும் இந்நோய் நம் நாட்டுக்கு மட்டுமே உரியதன்று. ஆங்கிலம் பேசும் அமெரிக்காவின் தென் மாநிலங்களில், நிறவெறிச் சட்டங்கள் கோலோச்சிய காலத்தில், கறுப்பின மக்கள் வெள்ளையரைச் ‘சர்’ என்றே விளிக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். வெள்ளையர் அவர்களை எப்படி விளித்தனர்? ஆண்களை, தலை நரைத்த பின்னும், ‘பாய்’ என்றனர், அதாவது ‘பையா’! பெண்களை ‘மிஸ்’ என்றோ ‘மிசஸ்’ என்றோ சொல்லாமல், வெறும் முதற்பெயரால் கூப்பிட்டனர். நம் ஊர் ‘எசமான் – வாடா’ கணக்கு, கடல் கடந்து வேறு மொழியில் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

அந்தக் கணக்கை மறுத்தெழுதிய ஒரு பெண்ணின் பெயரைப் படிப்பகந்தோறும் சொல்ல வேண்டும். மேரி ஹாமில்டன் என்பது அவர் பெயர். கறுப்பின உரிமைப் போராளி. 1963இல் அலபாமா மாநிலத்தின் காட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் அவரை ‘மேரி’ என்று அழைத்தே கேள்வி கேட்டார். வெள்ளையரை விளிப்பது போலவே தம்மையும் ‘மிஸ் ஹாமில்டன்’ என்று விளித்தாலன்றி விடை சொல்ல இயலாதென்று மறுத்துவிட்டார் அவர். நீதிமன்றத்தை அவமதித்தார் என்று 5 நாள் சிறையும் 50 டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. வழக்கு நாட்டின் உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1964ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்தத் தண்டனையை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

“வெறும் சொல்தானே, வயிற்றுக்குச் சோறா போடும்?” என்று கேட்கும் நண்பர்களுக்கு அந்தப் பெண் சொன்ன விடை இது. வெறும் சொல் என்றால், அதைச் சொல்ல அந்த வழக்கறிஞர் ஏன் மறுத்தார்? மறுத்தவனுக்கு அதன் மதிப்புத் தெரிந்திருந்தது. கேட்டவருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதது நமக்குத்தான்.

மற்றொரு சாட்சி ஒரு நூல். பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த கறுப்பினத்தவர் ஈ. ஆர். பிரெய்த்வெய்ட். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் வான்படையில் பணியாற்றியவர், பொறியியல் கற்றவர். போர் முடிந்ததும் அவருடைய படிப்பைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள், அவருடைய நிறத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினர். வேறு வழியின்றி, இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், ஏழை வெள்ளையரின் பிள்ளைகள் படித்த பள்ளியில் ஆசிரியரானார். அந்தப் பட்டறிவைக் கொண்டு 1959இல் அவர் எழுதிய நூலின் பெயர் ‘டு சர், வித் லவ்’. 1967இல் சிட்னி பாய்ட்டியர் நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது.

தலைப்பிலேயே நம் சொல் நிற்கிறது. ஆனால் அங்கே அது எப்படி ஈட்டப்படுகிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அடங்காத வகுப்பு, மதியாத பிள்ளைகள். ஒருநாள் அந்த ஆசிரியர் ஒரு விதி வகுக்கிறார்: அவர்கள் அவரைச் ‘சர்’ என்றோ முறையாகப் பெயர் சொல்லியோ விளிக்க வேண்டும். விதி அதோடு முடிந்திருந்தால் அவரும் இன்னொரு ‘எசமான்’ ஆகியிருப்பார். அவர் முடிக்கவில்லை. வகுப்பிலுள்ள பெண்களை இனித் தாமும் ‘மிஸ்’ என்று மரியாதையோடுதான் விளிக்கப்போவதாகவும், எல்லாரும் அவ்வாறே விளிக்க வேண்டும் என்றும் சொல்கிறார். அதுவரை வீட்டிலும் வீதியிலும் எவரும் மதித்து அழைத்திராத பிள்ளைகள் அவர்கள். மரியாதை கிடைத்ததும் மரியாதை தரக் கற்கின்றனர். அவர்கள் ஈற்றில் தரும் ‘சர்’ அச்சத்தின் குழந்தையன்று, அன்பின் குழந்தை. நூலில் ஆசிரியர் தம்மைப் பற்றிச் சற்று மிகுதியாகவே பெருமிதம் கொள்கிறார் என்பது நம் கருத்து. ஆயினும் கேட்கும் முன் கொடுக்க வேண்டும் என்னும் அந்தப் பாடத்துக்காகவே ஆசிரியர் ஒவ்வொருவரும் அதனைப் படிக்கலாம்.

மாற்றிப் பார்த்தவர்கள்

விளிச்சொல்லை மாற்றும் முயற்சி உலகுக்குப் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்னும் பிரிவினர், எந்தப் பெருமகனையும் பட்டம் சொல்லி விளிக்க மறுத்துச் சிறை புகுந்தனர். பிரெஞ்சுப் புரட்சியினர் 1792இல் ‘மொஸ்யே’ என்பதைத் தள்ளிவிட்டுக் ‘குடிமகன்’ என்பதைக் கொண்டுவந்தனர்.

நம் நாட்டில், பெயருக்கு முன்னே ‘மகாராஜ ராஜஸ்ரீ’ என்று நீட்டி முழக்கிய காலத்தில், ‘தோழர்’ என்னும் ஒரே சொல்லால் எல்லாரையும் விளியுங்கள் என்று 1932இல் வேண்டினார் பெரியார். பெயருக்குப் பின்னே ஒட்டிக்கொண்டிருந்த சாதிவாலை அறுக்க 1929இல் செங்கற்பட்டு மாநாடு வழிகாட்டியது. 1967இல் அமைந்த அறிஞர் அண்ணாவின் அரசு ‘ஸ்ரீ’ இருந்த இடத்தில் ‘திரு’வை அமர்த்தியது. முன்னும் பின்னும் களை எடுத்தாயிற்று. எதிரே நிற்பவரை விளிக்கும் சொல்லில் மட்டும் களை நிற்கிறது.

அண்டை மாநிலமாகிய கேரளத்தில் ஒரு சிற்றூர் இதற்கு வழிகாட்டியிருக்கிறது. பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி, தன் அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ என்னும் விளிகள் இனி வேண்டா என்று 2021இல் முடிவு செய்தது. கட்சி வேற்றுமையின்றி உறுப்பினர் எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. ஊழியரைப் பெயராலோ பதவியாலோ அழைக்கலாம். அத்தோடு நிற்காமல், விண்ணப்பங்களில் இரந்து வேண்டும் சொற்களையும் நீக்கி, உரிமையைக் கோரும் சொற்களை எழுதச் சொன்னது. 2023 சனவரியில் அம்மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், பள்ளிகளில் ஆணாயினும் பெண்ணாயினும் ‘டீச்சர்’ என்றே விளிக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது.

மாத்தூரின் இரண்டாவது செயலே நம் நெஞ்சைத் தொட்டது. நம் பள்ளிகளில் விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்பிக்கும்போது என்ன கற்பிக்கிறோம்? “தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்”; “தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்”. காய்ச்சல் கண்ட குழந்தை ஒரு நாள் வீட்டில் படுத்திருக்கத் தாழ்மை எதற்கு? பத்து வயதில் விடுப்புக்குத் தாழ்ந்தவன், இருபது வயதில் சான்றிதழுக்குத் தாழ்வான். அறுபது வயதில் ஓய்வூதியத்துக்குத் தாழ்வான். தாழ்வதற்கான பயிற்சியை மொழிப்பாடத்தின் பெயரால் நாமே கொடுக்கிறோம்!

ஆனால் ஒன்று. ‘சார்’ என்பதை எங்கும் ஒழித்தே தீர வேண்டும் என்பது நம் வாதமன்று. 2006இல் இந்திய வழக்கறிஞர் மன்றம், ‘மை லார்டு’ என்பது அடிமைக்காலத்தின் எச்சம் என்று கூறி, கீழமை நீதிமன்றங்களில் நீதிபதியைச் ‘சர்’ என்றோ, அதற்கு ஈடான வட்டார மொழிச் சொல்லாலோ விளிக்கலாம் என்று விதி செய்தது. அங்கே ‘சார்’ ஒரு விடுதலை! ‘என் ஆண்டவனே’ என்னும் பொருளிலிருந்து ‘சார்’ வரை இறங்கி வருவது முன்னேற்றமே. ஊராட்சி அலுவலகத்தில் தளையாக இருக்கும் சொல் நீதிமன்றத்தில் சாவியாக இருக்கிறது. ஆகவே குற்றம் சொல்லில் இல்லை. அது செல்லும் திசையில் இருக்கிறது.

‘ஐயா’ என்றால் தீருமா?

“எதற்கு இந்த வம்பு? ‘சார்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஐயா’ என்று வைத்துவிடலாமே!” என்பர் தமிழன்பர். ‘ஐயா’ இனிய சொல். தந்தை, தலைவர், ஆசிரியர் என்று பல பொருள் தரும் பழஞ்சொல். பள்ளிகளில் மற்றவர் எல்லாம் ‘சார்’ ஆக இருக்க, தமிழாசிரியர் மட்டும் ‘தமிழய்யா’வாக விளங்குவது நமக்கும் மகிழ்ச்சியே.

ஆனால் பண்ணையார் வீட்டு முற்றத்தில் வெயிலில் நின்றவர் எந்தச் சொல்லைச் சொல்லி நின்றார்? அதே ‘ஐயா’தானே! கைகட்டிச் சொல்லும் ‘சார்’ ஆங்கில அடிமைத்தனம்; கைகட்டிச் சொல்லும் ‘ஐயா’ தமிழ் அடிமைத்தனம். கட்டிய கையை அவிழ்க்காமல், கட்டிய கயிற்றை மட்டும் உள்நாட்டில் திரித்துக்கொண்டால் போதுமா? மொழிப்பற்று நமக்கு உயிர். ஆயினும் மொழிப்பற்றின் பெயரால் ஏணியை அப்படியே வைத்துவிட்டு, படிகளுக்கு மட்டும் தமிழ்ப்பெயர் சூட்டுவதைச் சீர்திருத்தம் என்று நாம் ஏற்கமாட்டோம்.

“மரியாதைச் சொல்லை எடுத்தால் ஒழுங்கு கெட்டுவிடும், மாணவன் மதிக்கமாட்டான், ஊழியன் வேலை செய்யமாட்டான்” என்று மற்றொரு சாரார் அஞ்சுகின்றனர். நாள் முழுவதும் ‘சார் சார்’ என்று சொல்லிவிட்டு, கதவு சாத்தியதும் அதே ‘சாரை’ எள்ளி நகையாடும் அலுவலகங்களை அவர்கள் கண்டதில்லை போலும். கட்டாயத்தால் வாங்கப்படும் மரியாதை கள்ளநாணயம். கையில் கனக்கும், கடையில் செல்லாது.

நம் கையில் உள்ளது

தோழர்களே, சட்டம் இயற்றும் ஆற்றல் நம் கையில் இல்லை. ஆனால் நம் நாவு நம் வாய்க்குள்தானே இருக்கிறது? ஒரு சொல்லைச் சொல்லும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை இளைஞர் கைக்கொள்ளட்டும்: இச்சொல் திரும்பி வருமா? நான் சொன்னதை அவர் எனக்குச் சொல்வாரா? அவர் எனக்குச் சொன்னதை நான் அவருக்குச் சொல்கிறேனா?

அதிகாரியைச் ‘சார்’ என்கிறீர்களா? சொல்லுங்கள், தடையில்லை. அதே அறையைக் கூட்டிப் பெருக்குகிறவரையும் ‘சார்’ என்று சொல்லுங்கள். முதல் நாள் அவர் திகைப்பார்; கேலி செய்கிறீர்கள் என்றுகூட நினைப்பார். அந்தத் திகைப்பே நம் சமுதாயத்தின் மீது எழுதப்பட்ட குற்றப்பத்திரிகை. இரண்டாம் நாளும் சொல்லுங்கள். சொல்ல நாக்கூசினால், அதிகாரிக்குச் சொல்லும் ‘சாரை’யும் நிறுத்திவிட்டு, இருவரையும் ‘வாருங்கள்’, ‘சொல்லுங்கள்’ என்று நல்ல தமிழில் நிமிர்ந்து பேசுங்கள். அந்த வினைமுற்றில் போதிய மரியாதை இருக்கிறது.

ஆசிரியராக இருப்போர் ஒரு படி மேலே செல்லலாம். ‘சார்’ என்று அழைக்கும் மாணவரை ‘நீ, வா, போ’ என்று உரிமையோடு அழைப்பதில் பாசம் இருக்கலாம். ‘டேய், ஏய்’ என்று அதட்டுவதில் என்ன பாசம் இருக்கிறது? அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி அழைப்பதே அவர்களுக்கு நாம் தரும் ‘சார்’. விடுப்பு விண்ணப்பத்தில் ‘கீழ்ப்படிதலுள்ள’ என்னும் சொல்லை எடுத்துவிட்டு ‘அன்புள்ள’ என்று எழுதக் கற்பிக்க எந்த அரசாணையும் தேவையில்லை. ஒரு சுண்ணக்கட்டி போதும்.

உலகின் ஒரு மூலையில் ‘மூத்தவர்’ என்று பிறந்து, வாளேந்தியவனிடம் அகப்பட்டு, மன்னன் கையில் பட்டமாகி, கப்பலேறி வந்து நம் நாவில் குடியேறியிருக்கிறது அச்சொல். அதைத் தேநீர்க் கடையில் சமத்துவச் சொல்லாக மாற்றிக் காட்டியவர்கள் படித்தவர்கள் அல்லர், எளிய மக்கள். கடைத்தெருவில் அவர்கள் செய்துகாட்டியதைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் செய்து முடிப்பது படித்த இளைஞரின் கடமை.